எண்ணெய் போன வழி

லாரியில் எண்ணெய் குறைந்துகொண்டே வந்தது. டீசல் இல்லை, இன்ஜின் எண்ணெய். வண்டி நின்ற இடத்தில் தரையில் ஒரு சொட்டுக் கறை கிடையாது. அப்படியானால் எடுப்பது டிரைவர்தான் என்று முதலாளி முடிவு கட்டினார். டிரைவர் நான்.

ஆம்பூர்ப் பக்கம் அவருக்குத் தோல் மண்டி. வண்டி ஒன்றே ஒன்று, ஆறு சிலிண்டர் பழைய லாரி. ஆலங்காயத்துக்கு மேலே மலை ஊர்களுக்கு உப்பு மூட்டை ஏற்றிப்போய், உப்புப் போட்ட ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் ஏற்றி வருவது என் வேலை. தோல் எடைக்கு வாங்குகிற சரக்கு. ஒட்டியிருக்கும் உப்பும் எடைதான். அதனால் தராசில் வைக்குமுன் ஒவ்வொரு தோலையும் உதறச் சொல்வார். உதறியதைத் தானே இன்னொரு முறை உதறுவார். வாங்கும்போது உதறு, விற்கும்போது உதறாதே என்பது அந்தத் தொழிலில் பாதி. எதிரில் நிற்பவனும் அதையேதான் நினைக்கிறான் என்று தெரிந்திருப்பது மீதிப் பாதி.

அவரே ஒரு காலத்தில் லாரிக் கிளீனர். அதை மறைக்கவும் மாட்டார். "கிளீனரா இருந்தப்ப நானே எண்ணெ வித்திருக்கேன்டா. எனக்கே காது குத்துறியா?" என்பார்.

நான் ஏழாவதோடு பள்ளியை விட்டவன். எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போலப் பார்த்ததில்லை. இவனை எனக்குத் தெரியும் என்று சொல்ல ஊர்க்காரன், உறவுக்காரன் யாரும் கூட வருவதில்லை. என்னைப் போன்றவனுக்கு ஒரே சான்று பழைய முதலாளியின் வாய். புதிய முதலாளி போன் போட்டு "பையன் எப்படி?" என்று கேட்பார். அந்தப் பக்கத்திலிருந்து வரும் ஒரு வரிதான் என் சோறு. எண்ணெய் திருடன் என்று அந்த வரியில் ஏறிவிட்டால் வேலூரிலிருந்து அரக்கோணம் வரை எவனும் சாவியைக் கையில் கொடுக்க மாட்டான்.

முதலில் தினமும் காலையில் அவரே அளவு கம்பியை உருவிப் பார்க்க ஆரம்பித்தார். குறைந்திருந்தால் கம்பியை என் முகத்துக்கு நேராக நீட்டுவார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். பதனிடாத பச்சைத்தோலை வாராக அறுத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டுக்கும் ஒன்று. ஈரத்தில் முடிச்சுப் போட்ட பச்சைத்தோல் காய்ந்தால் இரும்பு மாதிரி. அவிழ்க்க முடியாது, அறுக்கத்தான் முடியும். மண்டியில் மூட்டையை வழியில் யாரும் பிரிக்காமல் இருக்கச் செய்கிற வேலை அது. இன்ஜினுக்கு யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

மலைக்குப் போய்த் திரும்பினேன். மூடியில் இருந்த வார் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கிக் கிடந்தது. எண்ணெயும் குறைந்திருந்தது.

"அறுத்துட்டியா?"

"சூட்டுல வெந்துச்சுங்க மொதலாளி. கொதிக்கிற இன்ஜின் மேல பச்சத்தோல் இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும். அதனாலதான் தைரியமா அறுத்த."

அடி போல்ட்டில் கட்டிய வார் முழுசாக இருந்ததைக் காட்டினேன். மேல் வழியாகக் குழாய் விட்டு உறிஞ்சியிருப்பேன் என்றார். சண்டை போட்டுப் பயன் இல்லை. விலகினாலும் திருடன் என்ற பெயரோடுதான் விலக வேண்டும்.

எனக்குப் புகைமேல் ஒரு சந்தேகம் இருந்தது. காலையில் கிளப்பும்போது நீலமாக ஒரு கொத்து வரும், பிறகு நின்றுவிடும். தோல் இறக்கும் தொழிற்சாலை வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்து நகர்த்தினால் மறுபடி வரும். மலை இறங்கி முடித்து ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் இடத்தில் இன்னும் ஜாஸ்தி. நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது. "அடுத்த நடை நீங்க பின்னாலயே வண்டில வாங்க. கண்ணால பாருங்க" என்றேன்.

வந்தார். லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் வெள்ளைச் சட்டையோடு மலை இறங்கினார். கீழே சமதளம் வந்ததும் மிதித்தேன். கண்ணாடியில் அவர் மறைந்துபோனார். சற்று நேரம் கழித்து இருமிக்கொண்டே வெளியே வந்தார்.

"எல்லா லாரியும்தான் புகை வுடுது," என்றார். ஆனாலும் மறுநாள் வாணியம்பாடியில் ஒரு மெக்கானிக்கிடம் போகலாம் என்று அவரே சொன்னார். வழியெல்லாம் என்னை விசாரித்தார். அந்த மெக்கானிக் எனக்கு முன்பே பழக்கமா? கமிஷன் உண்டா? அங்கே என் தோஸ்த் யாராவது வேலை செய்கிறானா? எனக்கும் வேறொரு பயம். இந்த மெக்கானிக் முழு இன்ஜினையும் பிரித்துப் போட்டு மாதக்கணக்கில் வண்டியை நிறுத்திவிட்டால், எனக்கு ஓட்ட வண்டி இருக்காது, பேரும் திரும்பாது.

மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் மூடியைத் திறந்து, அந்தத் துளையின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உள்ளே பிஸ்டனைச் சுற்றிய ரிங் தேய்ந்திருந்தால் காற்று கையைத் தள்ளும். தள்ளவில்லை.

"ரிங் நல்லாதான் கீது. வால்வு சீல் போயிருக்கு," என்றார். வால்வின் தண்டு மேலும் கீழும் போகிற இடத்தில் எண்ணெயை வழித்து மேலேயே நிறுத்துகிற சின்ன ரப்பர் தொப்பி அது. அது கெட்டால் எண்ணெய் தண்டு வழியாகச் சொட்டி உள்ளே இறங்கி எரிந்துவிடும். தரையில் எதுவும் விழாது.

"ஹெட்டைக் கழட்டணுமா?" என்று கேட்டேன். சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் பெரிய பாகம் அது.

"தேவயில்ல. மேல கவரைத் தொறந்தே மாத்திடலாம்." எனக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. ஹெட்டைக் கழற்றாவிட்டால் ஸ்பிரிங்கை எடுத்ததும் வால்வு உள்ளே விழுந்துவிடாதா? கேட்டதற்குச் சிரித்தார். "பிஸ்டனை மேல கொண்டாந்து நிறுத்திட்டா வால்வு அது மேல ஒக்காந்துக்கும். எங்க வுழும்?"

முதலாளி புது சீல்களை வாங்கி ஒவ்வொன்றையும் மடித்துப் பார்த்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார், தோலை முகர்வது போலவே. "டூப்ளிகேட் இல்லியே?" பிறகு ஒரு நாற்காலியை பம்பருக்கு ஒட்டி இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று எட்டிப் பார்த்தார். கழற்றும் பழைய சீல்களையெல்லாம் தன்னிடமே கொடுக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் பழையதையே கழுவித் திருப்பிப் போட்டுவிடுவார்களாம்.

மெக்கானிக் வால்வுகளை அமுக்கும் ராக்கர் தண்டைத் தூக்கி எடுத்து வைத்தார். நான் கீழே கம்பி போட்டு இன்ஜினைச் சுற்றி, அவர் சொன்ன பிஸ்டனை மேலே கொண்டு வந்தேன். அவர் நெம்புகோலால் ஸ்பிரிங்கை அமுக்கினார். வால்வின் தலையில் இரண்டு அரைவட்டத் துண்டுகள் கவ்விக்கொண்டிருக்கும். லாக் என்பார்கள். அதைக் காந்தத்தால் எடுத்து, ஸ்பிரிங்கை நீக்கி, பழைய சீலைக் குறடால் பிடுங்கினார். ரப்பராக இல்லை, புளியங்கொட்டை மாதிரி கெட்டியாக இருந்தது. முதலாளி விரலில் வைத்து அழுத்தியதும் பொடிந்தது. அதைக் கைக்குட்டையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். புதியதில் எண்ணெய் தடவி, தண்டில் மெல்ல இறக்கி, குழாய்த் துண்டை வைத்துத் தட்டி உட்கார வைத்தார் மெக்கானிக். ஒரு வால்வை ஆட்டிப் பார்த்து, "கொஞ்சம் ஆடுது. இருந்தாலும் தாங்கும்," என்றார். தாங்காவிட்டால்? நான் கேட்கவில்லை. முதலாளி கேட்டார். மெக்கானிக் அடுத்த ஸ்பிரிங்கை அமுக்கினார்.

கடைசி சிலிண்டரில் லாக்கைத் திருப்பி மாட்டும்போது நெம்புகோல் நழுவியது. டிங் என்று ஒரு சத்தம். லாக்கில் ஒன்றைக் காணோம்.

அது உள்ளே எண்ணெய் வழியில் விழுந்திருந்தால் அடித்தொட்டியைக் கழற்ற வேண்டும். தேடாமல் ஓட்டினால் இன்ஜினே போய்விடும். முதலாளி மெக்கானிக்கைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். வாயையும் திறந்து காட்டச் சொல்வாரோ என்று இருந்தது.

மெக்கானிக் விளக்கடித்து உள்ளே தேடினார். பேட்டரிமேல் தேடினார். பிறகு மேலே நிமிர்ந்து, "மொதலாளி, கொஞ்சம் வேட்டியை உதறுங்க," என்றார்.

"நானா?"

"நீங்கதான் இன்ஜினுக்குள்ளயே நிக்கிறீங்களே."

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவர் உதறினார். லாக் தரையில் விழுந்து உருண்டது.

"நான் எடுக்கலப்பா!" என்றார் முதலாளி. யாரும் அப்படிச் சொல்லவே இல்லை. பட்டறையில் எல்லோரும் சிரித்தோம், அவரைத் தவிர.

ராக்கர் தண்டைத் திருப்பி மாட்டி, வால்வுகளின் டேப்பட் இடைவெளியைச் சரிசெய்து, கவரை மூடிக் கிளப்பினார்கள். முதலில் ஊறியிருந்த எண்ணெய் எரிந்து கொஞ்சம் புகை வந்தது, அடங்கியது. மறுநாள் காலையில் புகை இல்லை. மலை இறங்கியும் இல்லை. முதலாளி அந்த நடையிலும் அதற்கடுத்த நடைகளிலும் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். நான் டீ குடிக்க இறங்கினால் அவரும் இறங்குவார். அளவு கம்பியில் எண்ணெய் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை.

எனக்கு வேண்டியது ஒரு வார்த்தைதான். மண்டியில் நாலு பேர் இருக்கும்போது கேட்டேன். "இப்ப எண்ணெ நிக்குதில்லீங்களா மொதலாளி?"

"நிக்குது," என்றார். "நான்தான் கூடவே வர்றேனே. எப்படிக் கொறையும்?"

புகை நின்றதே என்றேன். புகை நின்றது வேறு, எண்ணெய் நின்றது வேறு என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. என்னைத் திருத்திவிட்ட திருப்தி முகத்தில் இருந்தது. "தப்பு யாரு பண்ணல? இனிமே ஒழுங்கா இரு, நம்ம கிட்டயே இரு." அன்றைக்கே கணக்கு முடித்துக் கிளம்பினேன்.

அரக்கோணத்தில் ஜல்லி லாரி வைத்திருந்த ஒருவரிடம் போனேன். எதிர்பார்த்தபடி என் முன்னாலேயே ஆம்பூருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"வண்டி நல்லா ஓட்டுவான். குடி கெடயாது. ஒரு தோல் கூட கம்மியானதில்ல."

"எண்ணெ, டீசல் விஷயத்துல?"

"கூட ஒரு ஆளு ஒக்காந்தா ஒண்ணும் கொறையாது."

போனை வைத்துவிட்டு இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி, நானும் கூட வர்றேன். எடு வண்டிய."

சாவியை வாங்கவில்லை நான். முதலில் அளவு கம்பியை உருவி, எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று அவரையே பார்க்கச் சொன்னேன்.

"இன்னாடா, வேலைக்குச் சேரும்போதே என்மேல சந்தேகமா?"

"ஆமாங்க," என்றேன்.