கல்லை அடைகாத்த கோழி

பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் சேர்ந்து நின்றால் பேசவே கூசுவேன். மூளைக்குள் நடப்பதைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்காமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணால் பார்த்த ஒரு கோழியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மீன்சுருட்டிக்குப் பக்கத்தில் வீடு. தம்பி பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சாம்பல் நிறக் கோழி. அதைப் போல் ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. காக்கையின் நிழல் விழுந்தாலும் ஓடிப்போய்ப் பதுங்கும். யாராவது வீட்டுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய் நிற்பேன். கோழி உன் கூடப் பிறந்தது என்று அப்பா கேலி செய்வார்.

அந்தச் சித்திரையில் கோழி அடை படுத்தது, குஞ்சு பொரிக்கக் கூடையை விட்டு எழாமல் உட்கார்ந்துவிட்டது. இட்ட முட்டையையெல்லாம் அம்மாவின் உடம்புக்காக அவித்துக் கொடுத்தாயிற்று. கூடையில் வைக்கோல் மட்டும்தான். வெயில் காலத்தில் கூமுட்டையாகிவிடும் என்று வேறு முட்டை வாங்கி வைக்கவும் இல்லை. அந்த அடை தெளிந்து எழுந்தால்தான் மறுபடி முட்டையிடும். அதற்காகக் கோழியின் வயிற்றைத் தொட்டித் தண்ணீரில் முக்கி எடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். சூடு தணிந்தால் அடை தெளியுமாம். காலையும் மாலையும் முக்குவது என் வேலை.

நான்கு நாள் முக்கினேன். நனைந்த இறகோடு தள்ளாடி நடந்து, மறுபடியும் அந்த வெறும் வைக்கோலில் போய் உட்காரும். பார்க்கப் பாவமாக இருந்தது. அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அவர் எனக்கு விளையாடக் கொடுத்த உருண்டைக் கல் ஒன்று இருந்தது. அதைத் துடைத்துக் கூடையில் வைத்தேன். கோழி கழுத்தை வளைத்து, அலகால் அதைத் தன் வயிற்றுக்கு அடியில் உருட்டிக்கொண்டது. அதன்பின் இரைக்குக்கூடச் சரியாக எழவில்லை. நானும் முக்குவதை நிறுத்திவிட்டு, முக்கினேன் என்று பொய் சொல்லி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மா வெளிறிக் கிடப்பதைப் பார்த்தார், கோழியையும் பார்த்தார்.

"முட்டையும் இடல, அடையும் தெளியல. இத வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அடிச்சுச் சாறு வெச்சா புள்ள பெத்த ஒடம்பாச்சும் தேறும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாமா கூடைக்குள் கையை விட்டார். விட்டதுதான் தெரியும். கோழி இரண்டு மடங்காகச் சிலிர்த்து அவர் முகத்தில் பாய்ந்தது. துண்டைப் போட்டுப் பிடிக்கப் பார்த்தார். துண்டோடு சேர்த்துக் கொத்தியது. கையில் ரத்தம். வாசல் திறந்தேதான் கிடந்தது. அது ஓடவில்லை. ஆறடி மனிதருக்கும் கூடைக்கும் நடுவில் இறக்கையை விரித்துக்கொண்டு நின்றது. கோவிலில் சாமி வந்தவர்களைத்தான் நான் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

மாமா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "அட, ஒரு கல்லுக்கா இம்புட்டு?" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர விடவில்லை. மூலையில் கிடந்த சாக்கை எடுத்தார்.

உள்ளே தம்பிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த அம்மா, பிள்ளையை மாரோடு அணைத்தபடி எழுந்து வந்தாள். அண்ணன் எதிரே உட்காரக்கூட மாட்டாள் அம்மா.

"அதத் தொடாதீங்கண்ணே."

"ஒனக்காகத்தாம்மா."

"எனக்கு வேணாம். அந்தச் சாறு என் தொண்டையில எறங்காது. சாக்கக் கீழ போடுங்க."

குரல் உயரவே இல்லை. மாமா சாக்கைக் கீழே போட்டுவிட்டார்.

கோழிக்கு எப்படியோ தைரியம் வந்துவிட்டது, எனக்கும் ஒருநாள் வரும் என்று நம்பினேன். அடுத்த முறை வீட்டுக்கு ஆள் வந்தபோது கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன்.

போன மாதம் என் கோழிகளுக்குத் தடுப்பூசி போடக் கால்நடை முகாமுக்குப் போனேன். கூட்டம் கலையும்வரை காத்திருந்து, அங்கிருந்த இளம் டாக்டரிடம் இதைக் கேட்டேன். கோழியின் மூளைக்கு அடியில் சின்னஞ்சிறு சுரப்பி ஒன்று இருக்கிறதாம். அடைகாக்கும் காலத்தில் அதிலிருந்து புரோலாக்டின் என்று ஒன்று அதிகமாகச் சுரக்குமாம். அது முட்டையா கல்லா என்று யோசிக்க விடாது, பயத்தை ஓரம் தள்ளிப் பாய வைக்கும் என்றார். இத்தனை நாளாகத் தைரியம் என்று நான் நினைத்தது ஒரு துளிச் சாறு. அது இன்னும் பெரிய அதிசயமாகத்தான் தெரிந்தது. கோழிக்கு மட்டும்தானா என்று கேட்டேன்.

"இல்லக்கா. பால் குடுக்குற தாய்க்கும் அதுதான் சுரக்குது" என்றார்.

மூன்று பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் நான். எனக்கு இது தெரியாது. மாமா சாக்கை எடுத்த அன்று வாயைப் பிளந்துகொண்டு கோழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் முகத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

அம்மா மாமாவைத் தடுத்த மறுநாள் காலை, வெயில் காலம் என்றும் பாராமல், அப்பா பக்கத்துத் தெருவில் ஏழு முட்டை வாங்கி வந்து கூடையில் வைத்தார்.