எஃப்-6இல் இரண்டு பத்திகள்

1988ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில், பதுளை பசார் வீதியில் ஜெனீராவின் தட்டச்சுக் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஒரே வகைக் கடதாசிக்காகத்தான் வந்தார்கள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்தும் எந்த நாட்டுப் பிரஜையாகவும் இல்லாதவர்கள் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுக் கொடுக்கும் சத்தியக் கடதாசி அது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பெயர், பிறந்த திகதி, தோட்டம் ஆகியவை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஜெனீராவுக்கு வயது முப்பத்து நான்கு. பதினேழு வருடங்களாகத் தட்டச்சு. ஜித்தாவில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்துவிட்டு வந்த, அவர் ‘நானா’ என்றழைக்கும் மூத்த சகோதரர் ஹுமைத் கொண்டுவந்த கொம்பியூட்டர், பழைய இயந்திரத்தின் இடத்தைப் பிடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதில் ஜெனீராவுக்கு மிகவும் பிடித்தது மேல்வரிசை விசைகள். ஒரு பத்தியை ஒருமுறை அடித்து, ஒரு விசையின் பெயரில் வைத்துவிட்டால் போதும். பிறகு அந்த விசையைத் தொட்டால் முழுப் பத்தியும் திரையில் தானாக ஓடும். பிரஜாவுரிமைப் பத்தியை எஃப்-6இல் வைத்திருந்தார். அச்சான பிறகு பெயரையும் திகதியையும் மட்டும் சரிபார்ப்பார், ஏனென்றால் அவைதான் அவர் கையால் அடித்தவை. மற்றதை இயந்திரம் அடித்தது. இயந்திரம் தவறு செய்யாது என்பது அவருடைய நம்பிக்கை.

ஒரு வியாழக்கிழமை, லுஹர் தொழுகையையும் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு அவர் கடைக்குத் திரும்பியபோது மடுல்சீமையிலிருந்து வந்த இராக்கம்மா வாங்குப் பலகையில் காத்திருந்தார். ஐம்பத்திரண்டு வயது, கொழுந்து பறிப்பவர். மகள்கள் இருவருக்கும் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது. குடும்பத்தில் கடதாசி இல்லாதவர் இவர் மட்டுந்தான். மறுநாள் காலை தோட்டப் பாடசாலைக்கு அதிகாரிகள் வந்து கடதாசிகளை வாங்கிப் போவதாக அறிவித்திருந்தார்கள். அதற்குள் பசறையில், கையெழுத்துக்குச் சாட்சி நிற்கும் சமாதான நீதவானின் முத்திரையும் விழுந்திருக்க வேண்டும்.

“எங்கண்ணே போன மாதிரி நானும் ஒரு நாளு இந்தியாவுக்கு மூட்டை கட்டிருவேன்னு மருமகன் கேலி பண்றான் மிஸ். நாளைக்கு இதக் குடுத்துட்டாத்தான் அவன் வாய அடைக்கலாம்” என்றார் இராக்கம்மா.

ஜெனீரா அடித்தார், எஃப்-6ஐ அழுத்தினார், அச்சிட்டார், பெயரையும் திகதியையும் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

அடுத்தவர் பூனாகலையிலிருந்து வந்த கணபதி, ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்கு ஆங்கிலம் தெரியும். கடதாசியை நின்றபடியே வாசித்தார்.

“ஏம்மா, இந்தக் கெழவன் தொல்ல தாங்கலன்னு நாடு கடத்தப் பாக்கிறியா?”

“என்ன சேர்?”

“இந்தியக் கடவுச்சீட்டத் தந்து சீக்கிரம் அனுப்பி வைங்கன்னு நான் கேட்டேனா?”

ஜெனீரா வாங்கிப் பார்த்தார். பத்தியின் தொடக்கம் அவருடையதேதான். கடைசி மூன்று வரிகள் வேறு.

“நானா! எஃப்-6ல என்னத்தப் போட்டீங்க?”

அச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்த ஹுமைத் நிமிர்ந்தார். “நீ சாப்பிடப் போன நேரம் ஒத்தர் வந்தாரு, கண்டியில ஈக்கிற இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பக் கடவுச்சீட்டுக் கடிதம் கேட்டு. ஒன்ட பத்தியவே எடுத்து வால மட்டும் மாத்தி அதே கீயில வெச்சேன்.”

“எஃப்-6 என்னோடதே!”

“எனக்கெப்படித் தெரியும்? அது ஒண்ணும் சொல்லல்லயே.”

அது சொல்லாது. கடைசியாக யார் எதை வைத்தாரோ அதையே வைத்துக்கொள்ளும். முன்பு என்ன இருந்தது என்று யாரிடமும் கேட்காது.

அந்த விசை மாறியபின் கடதாசி வாங்கிப் போனவர் இராக்கம்மா ஒருவர்தான். அவர் ஏறிய பஸ் போய்விட்டது. பசறைக்கு அடுத்த பஸ் மூன்று மணிக்கு. அரை மணித்தியாலம் இருந்தது.

ஜெனீரா முதலில் இரண்டு கடதாசிகளையும் எந்தக் குறுக்குவழியும் இல்லாமல் எழுத்தெழுத்தாக அடித்து, முழுதாக வாசித்து, அச்சிட்டார். கணபதி தம்முடையதை இரண்டு தடவை வாசித்துவிட்டே போனார். பிறகு ஜெனீரா வெற்றுப் பக்கமொன்றைத் திறந்து எல்லா விசைகளையும் வரிசையாக அழுத்திப் பார்த்தார். எஃப்-8இல் பிறப்புப் பதிவு விண்ணப்பம் இருக்க வேண்டும். இரும்புக்கடை ஒன்றின் கடிதத் தலைப்பு வந்தது. பக்கத்தைச் சேமிப்பதற்கென்று கொம்பியூட்டரே வைத்திருந்த எஃப்-10இல் ஹுமைத்தின் விலாசம் வந்தது.

“அதுதானா!” என்றார் ஹுமைத். “காலையிலேருந்து சேமிக்கச் சொன்னா விலாசம் அடிக்குது. மெஷின் பழுதாகிட்டுதுன்னு நெனச்சேன்.”

ஜெனீரா ஒரு கடதாசிக் கீற்றை வெட்டி விசைகளுக்கு மேலே ஒட்டினார். தனி விசைகள் தனக்கு. ஆல்ட் விசையோடு சேர்த்து அழுத்துபவை ஹுமைத்துக்கு. கொம்பியூட்டர் தனக்கென்று வைத்திருப்பதை இருவரும் தொடக்கூடாது. புதிதாக எதை வைப்பதானாலும், முதலில் வெற்றுப் பக்கத்தில் அழுத்தி அங்கே ஆள் இல்லை என்று பார்த்து, கீற்றில் எழுதிய பிறகுதான். இந்தியப் பத்தியை ஆல்ட்டோடு சேர்த்து அழுத்தும் எட்டாம் விசைக்குத் தள்ளி, இலங்கைப் பத்தியைத் தனி இரண்டாவதில் வைத்தார். பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் விரல் ஏமாற்றிவிடும்.

“இனி ஒரு கீய அமத்தவும் ஒன்னக்கிட்ட பெர்மிட் எடுக்கோணும் போல.”

“எடுங்க நானா. கீத்து அங்கதான் ஈக்கி.”

மூன்று மணி பஸ்ஸில் ஜெனீரா பசறைக்குப் போய்ச் சேர்ந்தபோது, சமாதான நீதவான் பொன்னையாவின் வீட்டு முன் அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். இராக்கம்மா வேலை முடிந்து, முத்திரை விழுந்த கடதாசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“அம்மா, அதக் குடுக்காதீங்க. அதுல நீங்க இந்தியாவுக்குப் போறதா இருக்கு. பிழை என்னோடது.”

பொன்னையா கடதாசியை வாங்கி வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க அடிச்சதுன்னா நான் பேரப் பாத்ததோட நிறுத்திருவேன் மிஸ்.”

“நானும் அதோடதான் நிறுத்தினேன் ஐயா.”

ஜெனீரா புதிய கடதாசியை நீட்டினார். இராக்கம்மா கையை நீட்டவில்லை.

“அதுவும் நீங்க அடிச்சது, இதுவும் நீங்க அடிச்சது. எனக்கு ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியுது மிஸ். நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க, ஐயா வாசிச்சுத் தமிழ்ல சொல்லட்டும். அப்பறம் ஐயா வெளிய நிக்கட்டும், நீங்க சொல்லுங்க. ரெண்டும் ஒத்து வந்தா கையெழுத்துப் போடுறேன்.”

“என்னோட வீட்ட விட்டு என்னையே வெரட்டுறியா?” என்றார் பொன்னையா.

“அஞ்சு நிமிசந்தாங்க. வெளிய வெயிலும் இல்ல.”

யாரோ சிரித்தார்கள். ஜெனீரா வாசலுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே பொன்னையாவின் குரல் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் வந்தது. பிறகு அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியேற, ஜெனீரா உள்ளே போய்ச் சொன்னார். இராக்கம்மா விரல் மடித்துக் கேட்டார். கடைசி வாக்கியத்தை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னார்: இந்த நாட்டிலேயே பிறந்தேன், இங்கேயே இருக்க விரும்புகிறேன்.

“ஐயாவும் அதத்தான் சொன்னாரு.”

கையெழுத்துப் போட்டார். முத்திரை விழுந்தது. பழைய கடதாசியை இராக்கம்மாவே நான்காகக் கிழித்தார்.

வரிசையில் அடுத்திருந்தவர் தமது கடதாசியை நீட்டினார். “மிஸ், அப்ப நீங்க இன்னொருக்கா வெளிய போங்க.”

மிச்சமிருந்த ஏழு பேருக்கும் அப்படியே நடந்தது. மறுநாள் காலை தோட்டப் பாடசாலையில் அதிகாரிகள் மேசையைப் போட்டதும், மூன்றாவதாக இராக்கம்மா கடதாசியைக் கொடுத்தார்.