பூ, பழம், ஒரு கல்

தொண்ணூறுகளில் கோயமுத்தூரில் ஒரு மனிதன் சொந்தமாகக் கார் வைத்திருந்தால் போதும், உறவுக்காரர்கள் எழுந்து நின்று நாற்காலி கொடுப்பார்கள். அந்தக் கார் நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும் என்று யாரும் நிபந்தனை போடவில்லை. போட்டிருந்தால் நான் ஆயுசு முழுக்க நின்றுகொண்டேதான் இருந்திருப்பேன்.

எனக்கு முன்னால் அந்தக் காரை எத்தனை பேர் வைத்திருந்தார்கள் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. வெண்ணெய் நிறம் என்று சொல்லி விற்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது, துவைக்காத வேட்டி நிறம் என்றாள் என் மனைவி. ஹேண்ட் பிரேக் டேஷ்போர்டுக்கு அடியில் குடைப்பிடி மாதிரி வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும். இழுத்தால் வரும். வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் மொத்தமாகக் கையோடு வந்துவிட்டது. அதைச் செருகி வைத்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு இறங்கினேன்.

போத்தனூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த பாயிடம் காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். காரும் நானுமாக எங்கள் இருவரில் யார் மேல் அதிகப் பரிதாபப்பட்டார் என்று சொல்லத் தெரியவில்லை.

“சாமான் வரணுமுங்க” என்றார்.

“எப்ப வரும் பாய்?”

“வாரப்ப சொல்லியுடறேனுங்க. அதுவரைக்கும் மேட்டுல நிறுத்தாதீங்க.”

“பள்ளத்துல நிறுத்தலாமா?”

“பள்ளத்துக்கு அதுவாவே போயிருமுங்க. நீங்க எதுக்கு?”

கியரில் போட்டு நிறுத்தியிருக்கலாமே என்று கார் ஓட்டத் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நிறுத்துவேன்தான். ஆனால் அந்தக் கியர் கொஞ்ச நேரம் பிடித்து நின்றுவிட்டு, அலுத்துப்போய்த் தானாகவே நியூட்ரலுக்குத் திரும்பிவிடும். இந்தக் குணத்தில் அது எனக்கு உடன்பிறந்தது என்பது மனைவியின் கருத்து.

ஆகவே ஒரு கல். பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தில் பொறுக்கியது. ஒரு பக்கம் சரிந்து, பின்சக்கரத்துக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். பின்சீட்டுக்கு அடியில் அதுவும் ஒரு குடும்ப உறுப்பினராக எங்களோடு கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் வந்துபோனது.

இந்த நிலைமையில்தான் என் மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டி வந்தது.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு பம்பு செட் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல வேலை, நல்ல பழக்கம், நல்ல முகம். வாய் மட்டும் திறக்க மாட்டான். பெண் வீட்டுக்குப் போனால் தரையைப் பார்த்து உட்காருவான். வரும்போதும் தரையைப் பார்த்துக்கொண்டே வருவான். “பையன் பேசுவானுங்ளா?” என்று ஒரு வீட்டில் நேராகவே கேட்டுவிட்டார்கள். பேசுவான் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அவன் சொல்லவில்லை. வரன் ஒவ்வொன்றாகக் கைநழுவ, என் மாமியார் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்.

உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் போட்டோ வந்தது. மச்சினன் அதை வாங்கிப் பார்த்தான். திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டான். மாமியார் அன்று ஒரு பிடி கூடுதலாகச் சாப்பிட்டார். “இது அமையோணும் மாப்பிள்ளைங்க” என்று என்னிடம் சொன்னபோது குரல் இறங்கிவிட்டது. “அவனா ஆசப்பட்டு ஒண்ணும் கேட்டதே இல்லீங்க.”

தரகர் தன் பங்குக்கு, “மாப்பிள்ளையோட மச்சானே கார் வெச்சிருக்காருங்க” என்று அங்கே சொல்லிவைத்திருந்தார். இனி அந்தக் காரில் போகாமல் பஸ்ஸில் போக முடியாது. அந்தக் காருக்கு ஹேண்ட் பிரேக் இல்லை என்பதும் வெளியே தெரியக் கூடாது. கூடையின் அடியில் கல், அதன்மேல் துண்டு, அதன்மேல் பழமும் பூவும் என்று மாமியாரே அடுக்கினார். உடுமலைக்காரர்களுக்குத் தேங்காய் கொண்டுபோனால் சிரிப்பார்கள் என்று தேங்காயை மட்டும் விட்டுவிட்டார்.

தென்னந்தோப்புக்கு நடுவே ஒரு மேட்டின் மேல் இருந்தது பெண் வீட்டுத் தோட்டத்துச் சாளை. தோட்டத்திலேயே கட்டிக் குடியிருக்கும் வீட்டுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். தடம் நேராக மேலே ஏறியது. கீழே களத்தில் தேங்காய்க் குவியல். அதற்கு அந்தப் பக்கம் வாய்க்கால், கரை நிறையத் தண்ணீர்.

“ஏனுங்க, மேடுங்க!” என்றாள் மனைவி, நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிறேன் என்பதுபோல.

“மச்சான், நீங்க எல்லாரும் உள்ள போங்க. நான் வண்டியிலயே பிரேக்க மிதிச்சுட்டு உக்காந்துக்கறேன்” என்றான் மச்சினன். அந்த வாரம் முழுக்க அவன் பேசியதில் நீளமான வாக்கியம் அதுதான்.

“பொண்ணு பாக்க வந்தவன் பிரேக் மிதிக்கறானாமா! எறங்குடா!” என்று அதட்டினாள் மனைவி.

மாமியார் முதலில் இறங்கினார். செருப்பைச் சரி செய்வதுபோல் குனிந்து, துண்டை விலக்கி, கல்லைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்து, பூவைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்தார். பழக்கப்பட்ட கை மாதிரி இருந்தது.

பெண்ணின் அப்பா கைகூப்பிக்கொண்டு வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளை மீசை. “வாங்க, வாங்க. அம்மணி வாங்க. தம்பி வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க.” சொம்பில் தண்ணீர் வந்தது. கேசரி வந்தது. பஜ்ஜி வந்தது. நான் ஒரு பஜ்ஜியைக் கையில் எடுத்தபோது, இளநீர் வெட்டச் சொல்லிவிட்டு வருவதாக அவர் வெளியே போனார். திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்தார்.

“வண்டி நெம்பப் பதனமா வெச்சிருக்கீங்க தம்பி.”

“இன்னைக்கு வரைக்கும் ஒரு செலவு பண்ணுனதில்லீங்க” என்றேன். பொய் இல்லை. செலவு தேவைப்பட்டது, நான்தான் பண்ணவில்லை.

“சக்கரத்துக்குப் பின்னாடி ஏதோ ஒரு கல்லு கெடந்துதுங்க. ஒறம்பரை வந்த வண்டி, திரும்பறப்ப இடிச்சுப்போடுமேன்னு எடுத்து அக்கட்ட உருட்டியுட்டேனுங்க.”

வேறு ஊராக இருந்தால் அந்தக் கல்லை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். விருந்தாளி வண்டியின் வழியில் ஒரு கல் கிடப்பதை எங்கள் பக்கத்துக்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கியர் அந்நேரம் பிடித்துக்கொண்டிருந்ததால் கல்லும் இழுத்ததும் அவர் கையோடு மரியாதையாக வந்திருக்கிறது.

பஜ்ஜி என் தொண்டையில் நின்றது. நிற்கத் தெரிந்தது அது ஒன்றுதான். மனைவி என் காலை அழுத்தி மிதித்தாள். என்னை மிதித்தால் கார் நிற்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. எழுந்து ஓடலாம் என்றால், உள்ளேயிருந்து வளையல் சத்தம். பெண் காப்பித் தட்டோடு வந்துகொண்டிருந்தாள். பெண் வரும் நேரத்தில் எழுந்து போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பெண் வாசற்படி தாண்டி வந்தாள். தலை நிமிர்ந்து, நேராக மச்சினனைப் பார்த்தாள். அவனும் தலையை நிமிர்த்தினான். அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்தான். எழுந்தான். ஓடினான்.

தட்டு ஆடியது. மாமியார் “அய்யோ, கண்ணு!” என்றார். பெண்ணின் அப்பா எழுந்துவிட்டார்.

“ஏனுங்க, எங்க புள்ளையப் புடிக்கலீங்ளா?”

“புடிச்சிருக்குதுங்க! நெம்பப் புடிச்சிருக்குதுங்க! அதான் ஓடறானுங்க!” என்றாள் என் மனைவி. அதற்கு என்ன பொருள் என்று இன்றுவரை அவளிடம் கேட்கத் துணிவில்லை.

வெளியே, எங்கள் கார் காரமடைக் கோயில் தேர் மாதிரி ஒரு நிதானத்தோடு பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் மச்சினன், ஒரு காலில் மட்டும் செருப்போடு. பாதி மேடு தாண்டியதும் தேர் நிதானத்தை விட்டுவிட்டது. அவன் கதவைத் திறந்து தொங்கினான், ஏறினான், பிரேக்கை மிதித்தான். தேங்காய்க் குவியல் மேலிருந்து ஒரு தேங்காய் மட்டும் உருண்டு வந்து பம்பரில் டங்கென்று இடித்தது. கார் நின்றுவிட்டது.

எல்லோரும் இறங்கி ஓடினோம்.

“எறங்குங்க தம்பி, ஒண்ணும் ஆகலீங்களே?” என்றார் பெண்ணின் அப்பா.

“எறங்க முடியாதுங்க” என்றான் மச்சினன். “எறங்குனா மறுக்காவும் போயிருமுங்க. ஹேண்ட் பிரேக் இல்லீங்க.”

மாதக்கணக்கில் நான் காத்த மானம் அந்த மூன்று வார்த்தையில் முடிந்தது. பெரியவர் யோசித்தார். முகம் மாறியது.

“அப்ப அந்தக் கல்லு…”

“எங்களுதுங்க” என்றார் மாமியார், குற்றம் ஒத்துக்கொள்ளும் குரலில். “கோயமுத்தூர்ல இருந்து கொண்டாந்ததுங்க.”

“அடக் கெரகமே! ஒறம்பரை கொண்டாந்த சாமானை நானே எடுத்து வீசிப்போட்டனே!”

“இல்லீங்க, சொல்லாம வெச்சது எங்க தப்புங்க.”

“கேக்காம எடுத்தது எங்க தப்புங்க.”

தப்பை இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் இழுத்துப் பறித்தார்கள். பிறகு எல்லோரும் அந்தக் கல்லைத் தேடிப் புதருக்குள் இறங்கினார்கள்.

கார்ச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஸ்டார்ட் செய்து களத்துச் சமதரையில் கொண்டுபோய் நிறுத்தினால் விஷயம் முடிந்தது. அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. சாவியை எடுக்கப் பைக்குள் கையைக்கூட விட்டேன். அப்போதுதான் அந்தப் பெண் காப்பித் தட்டோடு மேட்டிலிருந்து இறங்கி வருவதைப் பார்த்தேன். கையை வெறுமனே வெளியே எடுத்தேன்.

அவள் டிரைவர் பக்க ஜன்னலில் நின்று டம்ளரை நீட்டினாள்.

“ஆறிப்போச்சுங்க. வேற போட்டுக் கொண்டாரட்டுங்ளா?”

“வேண்டாமுங்க. இதுவே போதுமுங்க.” ஒரு மிடறு குடித்தான். “நீங்க போயிராதீங்க.”

நான் தேங்காய்களைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். காது மட்டும் திரும்ப மறுத்தது.

“என்னையப் பாத்துட்டுத்தான் ஓடுறீங்கன்னு நெனச்சேனுங்க.”

“உங்களப் பாக்கவே இல்லீங்க. ஜன்னலத்தான் பாத்தேன்.” சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. “இப்பப் பாக்கறேனுங்க.”

அவள் சிரித்தாள். “கால் வலிக்குதுங்ளா?”

“லேசா.”

“எங்க டிராக்டருக்கும் இதே கதைதானுங்க. நாங்க கல்லு வெக்கறதில்ல. கட்டைதான்.”

“கட்டை நல்லதுங்க. கல்லு சறுக்கும். வேலா மரமா, புளிய மரமா?”

அவ்வளவுதான், அவன் வாய் திறந்துகொண்டது. எந்த மரம் எப்படிப் பிடிக்கும், சரிவு எப்படி இருக்க வேண்டும், கம்பெனியில் கனமான பம்பை நகராமல் எப்படி நிறுத்துகிறார்கள் என்று ஒரே மூச்சாகப் பேசினான். பார்க்க வந்த பெண்ணிடம் ஒருவன் இதையெல்லாமா பேசுவான் என்று நினைத்தேன். அவளோ, “அதெப்படிங்க?” என்று நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தாள். புதருக்குள்ளிருந்து தலையைத் தூக்கிய மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்தார். “பேசறான்டீ!” என்றார் மெதுவாக.

அந்த நேரம் பார்த்துப் பெரியவர் கல்லைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“ஏனுங்க, இந்த வாய்க்கால் தண்ணி எங்கிருந்துங்க வருது?”

கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் போவது அவர் பழக்கம் இல்லை. கல்லைச் சுமந்தபடியே அணையிலிருந்து ஆரம்பித்தார். அவர் பேச்சில் தண்ணீர் தோப்புக்கு வந்து சேர்ந்ததும் தேங்காய் காய்ப்பைப் பற்றிக் கேட்டேன். அதுவும் முடிந்ததும் மட்டை எதற்கு ஆகும் என்று கேட்டேன். அவருக்கு வியர்த்தது. நடுவில் ஒருமுறை ஜன்னல் பக்கம் பார்த்தார், மகள் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்லை இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

“நாருக்கு ஆகுமுங்க” என்று நிதானமாகத் தொடங்கினார்.

நிச்சயம் அடுத்த மாதமே நடந்தது. பெண் வீட்டிலிருந்து வந்த தட்டு வரிசையில் புடவை, வேட்டி, பழம், இனிப்பு எல்லாம் இருந்தன. கடைசித் தட்டில், மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து, புளிய மரத்தில் சீவிய ஒரு கட்டை. யார் அளவு கொடுத்தது என்று கேட்டதற்கு மச்சினன் பழையபடி தரையைப் பார்த்தான்.

பாய் சொல்லி அனுப்பினார், சாமான் வந்துவிட்டதாம். கல்யாணம் முடியும்வரை அந்த வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று மாமியார் தடுத்துவிட்டார்.

கல்யாணத்தன்று பூ அலங்காரத்தோடு காரை மண்டபத்து வாசலில் நிறுத்தினேன். அங்கேயும் லேசாக மேடு. கட்டையைச் சக்கரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சம்பந்தி வரவேற்க வந்துகொண்டிருந்தார். கட்டை அருகே வந்ததும் நின்றார். கை தானாகக் கீழே போனது. பாதியில் நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது இருக்கட்டுங்ளா?”

“இருக்கட்டுங்க” என்றேன்.