தலையில்லாத நந்தி

நான் இப்போது இருக்கும் பிளாக்டவுனின் சந்தையில் ஒரு பழைய வெள்ளிக்காசைக் கண்டேன். அச்சடித்தவனின் சுத்தியலடி விலகியதில் ராசாவின் முகம் பாதி காசுக்கு வெளியே போயிருந்தது.

என் சின்ன வயதில் ஊரில் வெங்காயத் தோட்டம் கொத்தும்போது அப்பா கண்டெடுத்த, அரசர் காலத்துச் சேதுக்காசும் அப்படித்தான். நந்தி படுத்திருக்கும், தலை இருக்காது. அம்மா அதைப் பழப்புளி போட்டு மினுக்கிச் சாமித்தட்டில் வைத்திருந்தார்.

"தலை எங்கையப்பா?"

"தலை மட்டும் மேயப் போயிட்டுது. வந்திடும்."

விடிந்ததும் முகம் கழுவாமலே ஓடிப்போய்ப் பார்ப்பேன். திருநீற்று வாசத்துக்குள் காசு குளிர்ந்து கிடக்கும்.

படகில் வந்த எனக்குக் குடும்பத்தைக் கூப்பிட விசா இல்லை. ஊருக்குத் திரும்பவும் வழியில்லை. அன்று தொலைபேசியில் மகள் கேட்டாள்: "எப்பப்பா வாறியள்?"

"வந்திடுவன்" என்றேன்.

விடிந்ததும் முகம் கழுவாமலே வாசல் படலையடிக்கு ஓடிப்போய்ப் பார்ப்பாள்.