நட்டுப் பார்த்த சபுரா அக்கா

குக்கர் கத்திக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அக்கா மவுத்தாயிட்டாங்க, மைதிலியக்கா," என்றாள் சபுரா அக்காவின் தங்கை நசீமா. எங்கள் கல்லூரியில் தாவரவியல் நடத்திய சபுரா பேகம். நான் அங்கே பிரெஞ்சு நடத்தியவள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா போவது? அழுகை, ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிய பிறகு வந்தது.

ஓய்வு பெறும் வயதில், "எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தாங்க," என்று என் மேஜைக்கு வந்தவர் அவர். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஒருவரின் வாழ்க்கையைத் தமிழில் எழுத ஆசை. அந்த மனிதருக்குப் பிழைப்பு நாணயச்சாலையில், மனசு கோதுமை வயலில். கதிரெல்லாம் கரும்பொடியாகும் நோய்க்குச் சிலர் பனியைக் குறை சொன்னார்கள், சிலர் எருவை. அவர் வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து ஒவ்வொரு சந்தேகத்தையும் தனித்தனியாக விதைத்துப் பார்த்தார். நல்ல விதையில் அந்தப் பொடியைத் தடவிய பாத்திகளில் நோய் மண்டியது. பொடி ஒரு பூஞ்சை என்பது கடைசிவரை அவருக்குத் தெரியாது. "என்னன்னு தெரியாமலே, அதுதான்னு கண்டுபிடிச்சாரு பாருங்க!" என்று அக்கா பூரித்துப் போவார், ஏதோ சொந்த மாமா சாதித்ததுபோல.

அப்போதுதான் ஜீயபுரம் விவசாயி செல்வம் அக்காவைத் தேடி வந்தார். அண்ணன் ராசு கொடுத்த ரஸ்தாளி வாழைக் கன்றுகளை நட்டு, தோட்டமே வாடல் நோயில் போய்விட்டது. "வேணும்னே சீக்குக் கன்னாப் பாத்துக் குடுத்துட்டாரு மேடம். தையில எம் பொண்ணு கல்யாணம். அவரைக் கூப்பிட மாட்டேன்," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

"எனக்கும் கன்னு மேலதான் சந்தேகம்," என்றார் அக்கா. "ஆனா அத வச்சு ஒரு மனுஷன ஒதுக்க முடியாதுங்க. நட்டுப் பாத்துருவோம்."

மலைக்கோட்டைச் சந்தில் இருந்த அவர் வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது. ஆகவே அண்ணன் தோட்டத்துக் கன்றுகள் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக் கொல்லைக்கு வந்தன. நோயில்லாத வேறு கன்றுகள் செல்வத்தின் மண்ணில் நடப்பட்டன. அக்கா வாராவாரம் வருவார். என்னைப் பார்க்கவா, வாழையைப் பார்க்கவா என்று நான் கேட்டதில்லை. பதில் எனக்குத் தெரியும்.

மார்கழியில் என் கொல்லை வாழை பச்சைப் பசேலென்று நின்றது. செல்வத்தின் மண்ணில் நட்டவை மஞ்சளித்துத் தொங்கின. அக்கா அவரிடம் போய், "நானும் தப்பாத்தான் நெனச்சேன் தம்பி. நோய் உங்க மண்ணுலயே இருந்திருக்கு. பத்திரிகைய எடுத்துக்கிட்டு அண்ணன்கிட்ட போங்க," என்றார். செல்வம் போனார். தையில் பந்தலில் நின்று எல்லோரையும் வரவேற்றவர் ராசுதான்.

போன வாரம் அடக்கம் முடிந்து அண்ணனும் தம்பியும் சேர்ந்தே வந்து அக்கா வீட்டு வாசலில் நின்றார்கள். ராசு என்னிடம் சொன்னார்: "அப்ப ஊரே என்னையக் கெட்டவன்னுச்சுங்க. எம் பொஞ்சாதி மட்டும் நல்லவன்னு சொன்னா. இந்தம்மா ரெண்டும் சொல்லல. நெசம் என்னன்னு பாத்தாங்க. எனக்கு அது போதும்ங்க." செல்வம் தலை குனிந்து நின்றார்.

அக்கா, யாராவது கண்ணீரோடு வந்து இன்னொருவரைக் குறை சொன்னால் உடனே நம்பிவிடுகிறவள் நான். உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, அந்த இடத்தில் கொஞ்சம் பொறுப்பதை. நீங்கள் பக்கத்தில் இல்லாமல் அது சிரமம்தான்.