வாள்பிடிக்குப் போன கை

ஒருத்தன் அறை வாங்கினால் நீங்கள் அவன் கன்னத்தைப் பார்ப்பீர்களா, கையைப் பார்ப்பீர்களா? இன்று ஓவிய வரலாற்று வகுப்பில் ஒரு ஸ்லைடு போட்டார்கள். அரசவையில் ஒரு ராணி, தன் செல்லப் பிரபுவை அறைகிறாள். வகுப்பில் எல்லா லூசுகளும் சிரித்தன. நான் அவன் கையைப் பார்த்தேன்; அது வாள்பிடிக்குப் போய்க்கொண்டிருந்தது.

நானும் அண்ணனும் பாபகூராவில், எங்களை ஸ்பொன்சர் பண்ணி நியூசிலாந்துக்கு எடுப்பித்த மாமா வீட்டில் இருக்கிறோம். அண்ணன்தான் அவருக்குச் செல்லம். இன்று காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வெட்டிக்கொண்டே, "நாங்கள் வேற வீடு பாக்கிறம் மாமா" என்றான்.

"உங்களை எடுப்பிச்சது நான். போறதெண்டு நீ சொல்லுறியோ?" என்று மாமா அறைந்துவிட்டார்.

அண்ணன் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "நீ போய் ட்ரெய்னைப் பிடி" என்றான் என்னிடம், மாமாவைப் பார்த்தபடியே.

வகுப்பு முடிந்ததிலிருந்து வீட்டுக்குப் போன் அடிக்கிறேன். இன்னும் யாரும் எடுக்கவில்லை.