மூன்று நாள் மாமா

கீழ்வீட்டுக்காரர் விதைநெல் ஊற வைத்து மூட்டை கட்டியிருக்கிறார். தஞ்சாவூரில், பஸ் போகிற தெருவில், மாடிப்படிக்கு அடியில் நான்கு சாக்குகளை அடுக்கி, வைக்கோல் போட்டு மூடியிருக்கிறார். ஊரில் வீட்டை இடித்துக் கட்டுகிறார்களாம், வைக்க இடமில்லையாம். நேற்றிலிருந்து அந்த வாசனை படியேறி வருகிறது. புளிப்பும் சூடும் கலந்தது. காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்த மாதிரி. முளைவிடும் நெல்லுக்கு உடம்புச்சூடு உண்டு. சாக்குக்குள் கையை விட்டால் யாரோ நம் கையைப் பிடித்துக்கொள்வது போலிருக்கும்.

ஈப்போவிலிருந்து அக்கா அனுப்பிய கேள்வி வேறு செல்போனில் காத்திருக்கிறது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் தாத்தாவின் தாத்தாவுக்கு இரண்டு பிள்ளைகள். ஒருவர் வழியில் நான், மற்றவர் வழியில் அவள், நடுவில் ஒரு கடல். இருவரும் சேர்ந்து வம்சத்தைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருக்கிறோம். நான் பழைய பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்புவேன். அவள் ரப்பர் தோட்டத்துப் பதிவேட்டுப் பக்கங்களை அனுப்புவாள். இந்த முறை அவள் அனுப்பியது அவளுடைய அப்பாவின் நோட்டில் ஒரு பக்கம். அதில் என் அப்பாவின் பெயருக்கு நேரே ‘மச்சான்’ என்று எழுதி, அடித்து, ‘தம்பி’ என்று திருத்தியிருந்தது. ‘இது ஏன், கடைசி வரைக்கும் அப்பா சொல்லவே இல்லை, உனக்குத் தெரியுமா?’ என்று கேட்டிருந்தாள்.

தெரியும். ஆனால் கட்டத்துக்குள் அடங்காது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டுக் கூடத்திலும் விதைநெல் மூட்டைகள் இருந்தன, இதே வாசனை. வெள்ளைப் பேண்ட்டும் தோல்பையுமாக ஒருவர் பூதலூரில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்தார். டீக்கடையில் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். என் தாத்தாவின் தாத்தா பெயர் அது. செத்துக் காலங்காலமான ஒருவரைத் தேடிக்கொண்டு ஒரு மனுஷர் வந்து நிற்பது ஊருக்குப் பெரிய வேடிக்கை. பத்துப் பேர் கூடவே நடந்து வந்து அவரை எங்கள் வாசலில் விட்டார்கள்.

அவர் கொண்டுவந்த கதை சின்னது. அவருடைய தாத்தாவுக்கு இந்த ஊர். ஒரு அண்ணனை இங்கே விட்டுவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர், மலேயாவில் பால்மரம் வெட்டப் போய், திரும்பவே இல்லை. சண்டையா, பஞ்சமா, தெரியாது.

அப்பா அவரை உட்கார வைத்தார். மோர் கொடுக்கச் சொன்னார். பிறகு கொல்லைப்பக்கம் வந்து அம்மாவையும் என்னையும் கிணற்றடிக்கு ஒதுக்கினார்.

“இங்க பாரு, அவர நீ மாமான்னுதான் கூப்பிடணும். பெரியப்பான்னு வாய் தவறிக்கூட வரக்கூடாது.”

எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வயலின் பட்டா அப்போதும் அப்பாவுடைய பூட்டன் பெயரிலேயே கிடந்தது; வந்தவர் டீக்கடையில் சொன்ன அதே பெயர். அந்தப் பூட்டனின் பேரப்பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் எங்கிருந்து வந்து நின்றாலும் பங்காளி. ஏற்கெனவே உள்ளூர்ப் பங்காளி ஒருவரோடு வரப்புத் தகராறில் அப்பா தஞ்சாவூர் கோர்ட்டுக்கு நடையாக நடந்துகொண்டிருந்தார். மாமனுக்குச் சோறு உண்டு, சீர் உண்டு, கோபித்துக்கொள்ளும் உரிமைகூட உண்டு; மண்ணில் பங்கு கிடையாது.

“கூடப்பொறந்தவன் இல்லாதவளுன்னு கல்யாணமான நாள்லேந்து குத்திக் காட்டுனீங்க. இப்ப நீங்களே ஒருத்தரக் கொண்டாந்து நிறுத்துறீங்க” என்றாள் அம்மா. முந்தானையால் வாயை மூடிச் சிரித்துவிட்டு உள்ளே போனாள். “வாங்கண்ணே, கை கால் கழுவிட்டு வாங்க” என்று அவள் குரல் கூடத்தில் கேட்டது.

வந்தவரிடம் அப்பா சொன்ன கதை இது: எங்க தாத்தாவுக்கு ஒரு மச்சான் கடல் தாண்டிப் போனார்னு கேள்வி, நீங்க அவர் வழியா இருக்கணும், அந்தப் பேர்ல இந்த ஊர்ல நாலு பேர் இருந்திருக்காங்க. அவர் அப்படியே நம்பினார். உறவு கிடைத்ததே பெரிது அவருக்கு. எந்த உறவு என்று பேரம் பேசவில்லை. அப்பாவை மச்சான் என்றார், அம்மாவைத் தங்கச்சி என்றார், என்னை மருமகளே என்றார். பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தார். கழுத்துப்பட்டை கட்டிய பையன் ஒருவன். அவனுக்குப் பக்கத்தில் ரெட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டு ஒரு பெண். இன்று எனக்குக் கேள்வி அனுப்புகிறவள் அவள்தான். “மருமகளே, இவனக் கட்டிக்கிறியா, சொல்லு, பிளேன்ல கூட்டிட்டுப் போறேன்” என்றார்.

தெருவுக்கு இது போதாதா. குழாயடியில் ஒருத்தி என் தாடையை நிமிர்த்தி, “என்னடி, ஒனக்கு மலேசியாவுலேந்து மாப்பிள்ளையாமே, எங்களையெல்லாம் மறந்துருவியா” என்றாள். நான் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்.

அவர் ஒவ்வொரு முறை மருமகளே என்று கூப்பிடும்போதும் அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். இரண்டுவிட்ட அண்ணன் மகனை, எனக்கு அண்ணனாகிற ஒருவனை, கட்டிக்கிறியா என்று கேட்கிற பேச்சு அவர் காதில் ஈயம் போல இறங்கியிருக்க வேண்டும். முறை தப்பிப் பேசுவது அவருக்குப் பொய் சொல்வதைவிடப் பெரிய பாவம். ஒரே வாயால் இரண்டையும் செய்துவிட்டு, உதறுவதற்குத் துண்டைத் தவிர அவரிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

அம்மா மட்டும் அந்த இரண்டு நாளும் வேறு ஆளாக இருந்தாள். அடுப்படியிலிருந்து சத்தமாகப் பேசினாள். “பாருங்கண்ணே, மழைக்கு இந்த மூலை ஒழுகுது, ரெண்டு வருஷமா சொல்றேன்” என்றாள். அவர் கூடத்திலிருந்தே, “என்ன மச்சான், தங்கச்சி நனையலாமா?” என்றார். மறுநாள் காலையில் அப்பா ஏணியைச் சாத்திக் கீற்று மாற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் இருந்தால் இப்படியெல்லாம் நடக்குமா என்று அம்மா கூரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் நாள் மாலை அவர் நோட்டை மடியில் விரித்துக்கொண்டு, நடுவில் ஒரு மலேசியா ‘லா’வும் விழ, வந்த காரியத்தைச் சொன்னார்.

“அங்க புள்ளைக்கு மொட்டை போடணும், காது குத்தணும்னா பூசாரி மொத வேலையா குலதெய்வம் யாருன்னு கேப்பாரு. நான் முருகன்னு சொல்லிருவேன். அவரு ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு லா. ஆனா மச்சான், அவரு எல்லாருக்கும் சாமி. எங்க வீட்டுக்குன்னு ஒருத்தர் இருப்பாரில்ல? அவரப் பாக்கத்தான் வந்தேன்.”

அவரிடம் இருந்தது தாத்தா சொன்ன ஒரே ஒரு அடையாளம். நம்ம சாமிகிட்டக் காலு நனையாமப் போக முடியாது.

அப்பா சிரித்தார், சிரிக்க முயன்றார். “இந்த ஜில்லாவுல எந்தச் சாமிகிட்டதான் கால் நனையாமப் போக முடியும்? ஒங்க வழிச் சாமி எந்த ஊர்ல இருக்கோ, எனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

அவர் பேனாவை மூடினார். மறுநாள் சாயங்காலம் அவருக்கு ரயில். அவ்வளவு தூரம் வந்து, பேர் தெரியாமலேயே திரும்பப் போகிறார் என்பது எனக்குக்கூடத் தெரிந்தது. அப்பா எழுந்து போய் விதை மூட்டைக்குள் கையை விட்டு முளை பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

மூன்றாம் நாள் காலையில் அம்மா எங்கிருந்தோ ஒரு சுரைக்காய் வாங்கி வந்தாள்.

எங்கள் வீட்டுக்குள் சுரைக்காய் வராது. எங்கள் வம்சத்தில் யாரும் அதைச் சாப்பிடுவதில்லை. ஏன் என்று எவருக்கும் தெரியாது. பிறந்த வீட்டில் சுரைக்காய்க்கு உயிரை விட்டவளாம் அம்மா. கல்யாணத்துக்குப் பிறகு தொட்டதில்லை. அவள் அதை அரிவாள்மணையில் வைத்ததும் அப்பா, “என்ன இது?” என்றார்.

“எங்கண்ணன் ஊருக்குப் போறாரு, சமைச்சுப் போடறேன். மாமன் வழிதான அவரு? அவருக்கென்ன விலக்கு?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மத்தியானம் இரண்டு இலைகள் போட்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். பயத்தம்பருப்புப் போட்ட சுரைக்காய்க் கூட்டை இரண்டு இலையிலும் ஒரே அளவாக வைத்துவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமல் நின்றாள். வந்தவர் சாம்பாரும் அப்பளமுமாகச் சாப்பிட்டார்; கூட்டை மட்டும் ஒரு விரலால் இலையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

“மன்னிச்சுக்க தங்கச்சி. எங்க வீட்டுல இத சேக்கறதில்ல.”

“ஏண்ணே?”

“யாருக்குத் தெரியும்? தாத்தா தொடல, அப்பா தொடல, நான் தொடல. எம் வீட்டுக்காரி கேட்டுக் கேட்டு அலுத்துட்டா.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “அப்பாவும் தொடல! ரெண்டு இலையிலயும் அப்படியே இருக்கு!” என்று கத்தினேன்.

அவர் அப்பாவின் இலையைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அம்மா யாரையும் பார்க்கவில்லை, கரண்டியைப் பார்த்தாள். அப்பா பிசைந்த சோற்றையே திரும்பத் திரும்பப் பிசைந்துகொண்டிருந்தார். கடைசியில் இலையிடம் சொல்வதுபோல, “பட்டா இன்னும் பூட்டன் பேர்லதான் இருக்கு” என்றார்.

அது விளங்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கியதும் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். “ரெண்டு ஏக்கரா வயல நான் பிளேன்ல எப்படிப்பா தூக்கிட்டுப் போவேன்?” சிரிப்பு அடங்கியபோது முகம் மாறிவிட்டது. “எனக்கு அந்தப் பேர மட்டும் சொல்லிருங்க.”

“பேரச் சொன்னா பத்தாது” என்றார் அப்பா. “கையக் கழுவுங்க. போவோம்.”

வரப்போடு போனோம். நானும் ஓடினேன். வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஒரு நட்ட கல், ஒரு சூலம், ஒரு அரசமரம். பாலமோ மரப்பலகையோ கிடையாது. எங்கள் ஆட்கள் யாரும் போட்டதில்லை. அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு இறங்கினார். அவர் பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு பின்னால் இறங்கினார், நடு வாய்க்காலில் நின்றுவிட்டார். நீர் அவர் முழங்காலைச் சுற்றிக்கொண்டு ஓடியது. வா என்றாலும் வரவில்லை. அந்தத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளுவதும் விடுவதுமாக இருந்தார்.

“மதகடி வீரன்” என்றார் அப்பா அக்கரையிலிருந்து. “அதான் பேரு.”

அவர் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். மறுபடி சொன்னார். மூன்றாம் முறை குனிந்து தண்ணீரிடம் சொன்னார்.

கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து, யாருங்க விருந்தாளியா என்று கேட்டார். “விருந்தாளி இல்ல. எங்க பங்காளி. எனக்கு ரெண்டு வயசு மூத்தவரு” என்று அப்பா ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் அப்பாவின் வேட்டியை இழுத்து, “அப்ப அந்தப் பையன்?” என்றேன். “ஒனக்கு அண்ணன்” என்றார். பள்ளிக்கூடத்தில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது என்று எனக்கு அழுகை வந்தது.

திரும்பும் வழியில் நாற்றங்காலில் விதை விட ஆட்கள் காத்திருந்தார்கள். அப்பா முளைவிதைக் கூடையை வாங்கி அவர் கையில் கொடுத்தார். அவருக்கு வீசத் தெரியவில்லை, அள்ளிப் போட்டார். ஆட்கள் வாய்க்குள் சிரித்தார்கள். அந்த மூலையில் நாற்று கொத்துக் கொத்தாக, அவர் கைப்பிடி அளவிலேயே முளைத்தது. அப்பா அதைக் கலைக்கச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். முந்தானையை இழுத்துப் போர்த்தியிருந்தாள். காப்பியை என்னிடம் கொடுத்தனுப்பினாள். கூப்பாடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வாய் தவறி, “தங்க…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார்.

“ஏம்மா பேச மாட்டேங்கற? கோவமா?”

“அப்பாவுக்கு அண்ணனாயிட்டாரு. மூத்தாரு முன்னாடி என்னடி பேச்சு” என்றாள். இலைகளில் மிச்சமானது போக, சட்டியில் இருந்த கூட்டு முழுவதையும் அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள், இரண்டு வாய்க்கு ஒரு தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு. காரம் என்றாள். நான் ஒரு விரல் தொட்டு நக்கிப் பார்த்தேன். காரமே இல்லை.

பூதலூர் ஸ்டேஷனுக்கு அப்பாவும் நானும்தான் போனோம். ரயில் வந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அப்பாவுக்கு நயமாகப் பேச வராது. போய்ட்டு வாங்க என்பதைக்கூட அதட்டுவது போலத்தான் சொல்வார். வண்டி அசையத் தொடங்கியபோது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தபடி அப்பா சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊருக்குப் புறப்படுகிற மனுஷரிடம் பேசுகிற பேச்சா அது? அதைவிட ஆச்சரியம், அதைக் கேட்டு வந்தவர் முகம் சுளிக்கவில்லை. கம்பிக்கு வெளியே கையை நீட்டி அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, ஏதோ பெரிய வரம் கிடைத்தவர் போல, கண்ணீர் வழிய வழியத் தலையாட்டினார். இழவுச் செய்தி மற்றவர்களுக்கு வெறும் துக்கம், பங்காளிக்குத்தான் அது தலைமுழுக வேண்டிய தீட்டு, அந்தத் தீட்டு ஊரில் எவருக்கும் சும்மா கிடைத்துவிடாது என்பதெல்லாம் ஒன்பது வயதில் எனக்கு எங்கே தெரியும்? அப்பாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

“இங்க யாருக்காச்சும் ஒண்ணு ஆச்சுன்னா தந்தி அடிக்கறேன். எங்க நின்னாலும் சரி, சேதி கெடச்ச ஒடனே தலைக்கு ஊத்திக்கங்கண்ணே.”